மாம்பழக் கலர் பொட்டு

போன மாதம் ஏழு இருந்தது. இன்றைக்கு ஒன்பது இருக்கிறது. செல்வின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார். ஒன்பதேதான்.

எது கூடினாலும் மனுஷன் சந்தோஷப்படுவான். சம்பளம் கூடினால் சந்தோஷம், மழை கூடினால் சந்தோஷம், பந்தியில் ஒரு அப்பளம் கூடினால் அதைவிடச் சந்தோஷம். ஆனால் முதுகில் பொட்டு வைத்த நத்தை மட்டும் கூடவே கூடாது. சாகலாம், தண்ணீரோடு போகலாம், கொக்கு கொத்தித் தின்னலாம். ஆக மொத்தம் குறையத்தான் வேண்டும். நத்தை குஞ்சு பொரிக்கும், பொட்டோடு பொரிக்காது.

தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளை ஒட்டி இறங்கும் ஓடையில், பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு அவர் நின்றார். அவருக்கு வேலையே நத்தை எண்ணுவதுதான். படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிற வேலை. ஆனால் பெண் கொடுத்த மாமனார் கடைசிவரை வெளியில் "மாப்பிள்ளை ஃபாரஸ்ட்ல இருக்காரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நத்தை எண்ணுகிற மாப்பிள்ளை என்று எந்த மாமனார்தான் சொல்வார்?

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. பாறையில் ஒட்டியிருக்கும் நத்தையை எடுத்து, ஓட்டைத் துடைத்துக் காயவைத்து, நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மாதாமாதம் வந்து தேடினால் பொட்டு வைத்ததில் எத்தனை பாக்கி என்று தெரியும். ஓடை பிழைக்குமா, பிழைக்காதா என்பதும் அதை வைத்துத் தெரியும்.

செல்வின் பொட்டு வைத்தால் அது பொட்டாக இருக்காது. நத்தையைக் குளிப்பாட்டியது போல இருக்கும். அவ்வளவு தடித்த விரல்கள். அதனால் அவருடைய மனைவி கேத்ரின்தான் கூடவே வந்து, அந்தப் பெரிய பாறையில் உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்தில் நைனா முகமது ஃபேன்சி ஸ்டோரில் யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு கலரைச் சல்லிசாக வாங்கி வந்திருந்தாள். நன்றாகப் பழுத்த மாம்பழத்தின் கலர்.

"ஊரு உலகத்துல பொண்டாட்டிக்கு நெயில் பாலிஷ் வாங்கிக் குடுப்பாங்க. எனக்கு வாய்ச்சவரு ஊமச்சிக்குல்ல வாங்கச் சொல்லுதாரு" என்பாள். ஊமச்சி என்றால் அந்தப் பக்கத்தில் நத்தை.

போன வருஷம் ஜூன் மாதம் கேத்ரின் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. அதற்குக் கொஞ்சம் முந்தி, அதே கோடையில் கடைசித் தடவையாக வந்தாள். செல்வின் பிடித்துத்தான் பாறையில் உட்கார வைத்தார். ஓடை முழுக்கத் தேடி அவர் எடுத்துக் கொடுத்த நத்தைக்கெல்லாம் பொட்டு வைத்தாள். கை குச்சியாக இருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

அதன்பிறகு செல்வினுக்கு அந்த ஓடை வேலையாக இல்லை. பொட்டு தெரிகிற ஒவ்வொரு நத்தையும் அவருக்குக் கேத்ரினின் விரல்தான். ஐப்பசி வெள்ளத்தில் பாறையே புரண்டு கிடந்தபோது, தண்ணீர் வடிந்த அன்று ஓடிவந்து தேடினார். பொட்டு வைத்தவை இருந்தன. ஓடைக்கரையிலேயே முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னார். எல்லா நத்தையையும் வெர்னியர் வைத்து மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறவர், பொட்டு வைத்தவற்றை மட்டும் அளக்க மாட்டார். வலித்துவிடுமோ என்று பயம். தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்.

இப்போது ஒன்பது.

"இன்னைக்கு எம்புட்டுய்யா?" என்று கேட்டபடி முத்துப்பேச்சி வந்தாள். பக்கத்துத் தோப்பில் தண்ணி பாய்ச்சுகிறவள். மாதாமாதம் அவருக்கு ஒரு சொம்பு மோரும் இந்த ஒரு கேள்வியும் கொண்டுவருவாள்.

"ஒம்போது."

"நல்லதாப் போச்சு!"

"நல்லது இல்ல முத்துப்பேச்சி" என்று செல்வின் முகத்தைத் தொங்கப்போட்டார்.

அவள் அவரையே செத்த நேரம் பார்த்தாள். சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முகம் தொங்கியதற்குக் காரணம் இருந்தது. சர்வேக்குத் தலைவரான டாக்டர் பிரேம்குமார் சனிக்கிழமை வருகிறார். கணக்கு இடிக்கிற ஓடையை அவர் ஈவு இரக்கமில்லாமல் சர்வேயிலிருந்து தூக்கிவிடுவார். தூக்கிவிட்டால் அப்புறம் ஃபாரஸ்ட் பெர்மிஷன் கிடையாது. பெர்மிஷன் இல்லாவிட்டால் கேத்ரின் பொட்டு வைத்த நத்தைகளைப் பார்க்கச் செல்வின் எந்த முகாந்திரத்தில் இங்கே வருவார்?

பஸ்ஸில் வரும்போது அவருக்கு ஒரு பயங்கர சந்தேகம் வந்தது. 'ஒருவேளை நானேதான் வைத்துவிட்டேனோ?'

சிரிக்க வேண்டாம். ஒரு வருஷமாகியும் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்து வைக்கிற மனுஷன் அவர். குக்கரில் அரிசி போடாமல் விசில் எண்ணியவர். தன்னை அறியாமல் இரண்டு நத்தைக்குப் பொட்டு வைத்திருக்க மாட்டார் என்று யார் சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்ததும் நேரே கண்ணாடி அலமாரிக்குப் போனார். கேத்ரினின் சீப்பு, பவுடர் டப்பா, அந்த மாம்பழக் கலர் பாட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பாட்டிலைத் திருகினார். மூடி அசையவில்லை. உள்ளே காய்ந்து கட்டிதட்டிப் போயிருந்தது. யாரும் திறக்கவே இல்லை. அப்பாடா, நான் இல்லை!

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் செல்வின் இல்லை. திறந்துதான் பார்ப்போமே என்று பாட்டிலை வெந்நீரில் போட்டார். 'டப்'பென்று கழுத்தோடு விண்டுவிட்டது. பதறி எடுத்ததில் இளகின பாலிஷ் விரல், நகம், பனியன் எல்லாம் அப்பிக்கொண்டது. கண்ணாடி முன்னால் அது இருந்த இடம் வட்டமாகத் தூசியில்லாமல் தெரிந்தது. அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. சமையலறையில் நின்று, கேஸ் அடுப்பைப் பார்த்தபடி அழுதார்.

மறுநாள் காலை நைனா முகமது கடைக்குப் போனார்.

"இதே கலர்ல ஒண்ணு வேணும் பாய்" என்று விரலைக் காட்டினார்.

நைனா முகமது விரலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "அது மனுஷி போடுற கலரா சார்? வருஷக்கணக்கா வெலை போகாமக் கெடந்துச்சு. இப்ப கொஞ்ச நாளா என்ன வந்துச்சோ, ஒரு அம்மா வந்து வாங்கிட்டுப் போயிக்கிட்டே இருந்துச்சு. முந்தாநாள் கடைசி பாட்டிலும் போயிருச்சு."

யாரோ முகம் தெரியாத அந்த அம்மாள் மேல் செல்வினுக்கு ஆத்திரமாக வந்தது.

"அதே சாயல்ல வேற இருக்கா?"

"இருக்கு. யாருக்கு சார்?"

"நத்தைக்கு."

கடையில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் வளையல் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நைனா முகமது வியாபாரி. எந்த வாடிக்கையாளரையும் சங்கடப்படுத்த மாட்டார். "அதுக்கென்ன சார், தாராளமா" என்று ஒரு தட்டையே எடுத்து வைத்தார். செல்வின் கலர் பார்க்கிற மும்முரத்தில் இடது கை நகம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றைத் தடவிப் பார்த்தார். ஆரஞ்சு, மஞ்சள், காவி, செங்கல், ஜிகினா போட்ட ரோஸ். ஒன்றும் சேரவில்லை. எதுவும் வாங்காமல் எழுந்து போனார்.

வீட்டில் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தார். நகம் இன்னும் பளபளத்தது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதிலும் நைனா முகமதுவின் மனைவி நூர்பானுவும், செல்வினின் அக்கா இன்பமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். விஷயம் செல்வினுக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்பம் ஒரு கிலோ பால்கோவாவோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே தம்பியின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினாள்.

"ஏலே செல்வினு, நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? கேத்ரினே மேல இருந்து சந்தோஷப்படுவாலே. யாரு அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"மறைக்காத. நெயில் பாலிஷ் எடுத்தியாமே."

"அது நத்தைக்குக்கா."

"நத்தைக்குப் பாலிஷு! எங்கிட்டேயே கதை விடுதியா? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறவ நான்."

"சத்தியமா நத்தைக்குத்தான்!"

அப்போதுதான் அவள் அவருடைய கையைப் பார்த்தாள். ஐந்து விரலில் ஐந்து கலர். பால்கோவா டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இது யாருலே போட்டு விட்டது?"

"நானேதான் போட்டேன்."

இன்பத்தின் கண் நிறைந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தம்பிக்குப் பெண் கிடைத்துவிட்டது என்று இருந்தவள், இப்போது தம்பிக்குப் புத்தியே கலங்கிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டாள். "ஆண்டவரே, தாயில்லாப் பிள்ளையை நாந்தான வளத்தேன்" என்று ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள். செல்வின் விளக்கினார். விளக்க விளக்க அவள் அழுகை கூடியது. பொட்டு வைத்த நத்தை தானாகக் கூடுகிறது என்று அவர் சொன்னதும், பாஸ்டருக்குப் போன் போடப் போனாள்.

"அக்கா, ஒண்ணு செய்யி. நாளைக்கு எங்கூட ஓடைக்கு வா. கண்ணால பாரு. பொறவு பேசு."

கிணறு வெட்டினவர் பூதத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை பிரேம்குமார் வந்தார். செல்வினைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷர், கணக்கில் மட்டும் கல். இன்பம் கரையில் குடை பிடித்து நின்றாள். இருவரும் ஓடையில் இறங்கித் தேடினார்கள். செல்வின் இடது கையைப் பேன்ட் பையை விட்டு வெளியே எடுக்காமல், ஒற்றைக் கையாலேயே கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஏழு, எட்டு, ஒன்பது. செல்வினுக்கு வேர்த்தது. பத்து. பதினொன்று.

"செல்வின் சார், புதன்கிழமை எத்தனைன்னு சொன்னீங்க?"

"ஒம்போது."

"மூணு நாள்ல ரெண்டு கூடியிருக்கா?"

செல்வின் அடுத்த கல்லைப் புரட்டினார். பிரேம்குமார் ஒரு நத்தையை உள்ளங்கையில் வைத்து வெர்னியரால் அளந்தார். நெற்றி சுருங்கியது. இன்னொன்றை அளந்தார்.

"இது குஞ்சு சார். ஒரு வயசுகூட ஆகாது. மேடம் பொட்டு வச்சது போன வருஷம் கோடையில. அப்ப இது முட்டையாக்கூட இருந்திருக்காதே. பொட்டும் நேத்து வச்சது மாதிரி புதுசா இருக்கு." பிறகு தயங்கிக்கொண்டே, "கொஞ்சம் கையைக் காட்டுங்க சார்" என்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? செல்வின் கையை வெளியே எடுத்தார். ஆரஞ்சு, மஞ்சள், காவி, செங்கல், ஜிகினா போட்ட ரோஸ். விரல் இடுக்கில் அசல் மாம்பழக் கலர்.

கையும் களவுமாகப் பிடிபடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கையே களவாக இருந்தது.

இன்பத்தால் பொறுக்க முடியவில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். "சார், எந்தம்பி பொய் சொல்ல மாட்டான். பொஞ்சாதி போனதுல இருந்து அவனுக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல. அறியாமச் செஞ்சிருப்பான். மன்னிச்சிருங்க சார்!"

இதைவிட எதிரியே சாட்சி சொல்லியிருந்தால் தேவலை.

"எனக்குப் புரியுதும்மா" என்றார் பிரேம்குமார். "ஆனா இந்த ஓடையை இனிமே வச்சிருக்க முடியாது. எடுத்துத்தான் ஆகணும்."

"எடுத்திருங்க சார்" என்றார் செல்வின். "நான் ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்க. பதினொண்ணையும் அளந்து பாருங்க. அதுல ஒண்ணாவது அவ வச்சதா இருக்குமான்னு சொல்லுங்க. ஒண்ணு போதும்."

பிரேம்குமார் ஒவ்வொன்றாக அளந்தார். அளந்ததைப் பத்திரமாக அதனதன் கல்லில் வைத்தார். கடைசியை வைத்துவிட்டு நிமிரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஒன்றுகூட இல்லை.

செல்வின் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மாதாமாதம் தொட்டுப் பார்த்தது எதை? வெள்ளம் வடிந்த அன்று முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னது யாருக்காக? அவள் விரல் பட்ட பொருளென்று இந்த ஓடையில் ஒன்றும் மிச்சமில்லை, எப்போதிருந்தோ இல்லை. சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதார். இன்பம் குடையைப் போட்டுவிட்டு அவர் தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குடை அதுபாட்டுக்கு ஓடையோடு போனது.

அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான் முத்துப்பேச்சி மேலேறி வந்தாள். அவரைப் பார்த்தாள். குடையைக் கல்லில் சாய்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு பாட்டிலை எடுத்து பிரேம்குமாரிடம் நீட்டினாள். மாம்பழக் கலர்.

"அய்யாவை ஒண்ணும் சொல்லாதிய. நாந்தான் வச்சேன்."

பிரேம்குமார் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா வச்சது அம்புட்டும் ஐப்பசி வெள்ளத்தோடயே போயிருச்சு. தண்ணி வடியவும், அய்யா வாறதுக்குள்ள குஞ்சுகளாப் பொறக்கி வச்சேன். போன மாசம் ஏழுன்னவும் அய்யா வாடிப்போனாவ, ரெண்டைக் கூட்டுனேன். புதங்கெழமை ஒம்போதுன்னு சொல்லி அய்யா மூஞ்சியத் தொங்கப் போட்டாவ. பத்தலையோன்னு இன்னும் ரெண்டு வச்சேன். கடையிலயும் இதுதான் கடைசி பாட்டிலாம்."

"ஏட்டி, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று இன்பம் சீறினாள். "எந்தம்பி பொழப்பே போச்சே!"

பிரேம்குமார் அவளைக் கையமர்த்தினார். "யாரும்மா உங்களை வைக்கச் சொன்னது?"

முத்துப்பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிரேம்குமாருக்குப் பதில் சொல்லவில்லை, தண்ணீரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துத்தான் சொன்னாள்:

"'எல்லாம் ஒரேயடியாப் போனா அவரு தாங்க மாட்டாரு, மாசம் ஒண்ணாக் கொறைச்சுப் பழக்கிவிடு முத்துப்பேச்சி'ன்னு கடைசியா வந்த அன்னைக்கு கேத்ரினக்காதான் என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாவ, ஒங்க மூஞ்சியப் பாத்த பொறவு எனக்குத்தான்ய்யா கொறைக்க மனசு வரல."